வராகன் கட்டிய யாத்திரை வழி

உங்களுக்குத் தெரியுமா?

அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டை வந்து ஜி.எஸ்.டி. சாலையில் நகரத்துக்குள் போகும்போது நாம் முதலில் பரங்கிமலையைக் கடக்கிறோம், அடுத்து சைதாப்பேட்டையில் அடையாற்றை. புனித தோமையார் உயிர்நீத்ததாக நம்பப்படும் அந்த மலை உச்சியில் போர்ச்சுகீசியர் 1523இல் தேவாலயம் எழுப்பினர். பக்தர்கள் திரண்டார்கள், ஆனால் ஆற்றைத் தாண்டப் பாலம் இல்லை. மழைக்காலத்தில் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

1726இல் அங்கே பாலம் கட்டியது ஆங்கிலேயக் கும்பினி அல்ல. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். மணிலா வரை கடல் வாணிபம் செய்து பொருள் சேர்த்தவர். பாலத்துக்கு 30,000 வராகன் (அக்காலப் பொற்காசு) செலவிட்டார். அதோடு விடவில்லை, பராமரிப்புக்கென்றே 1,500 வராகனைத் தனியாக ஒதுக்கினார். (இன்றைய ஒப்பந்தக்காரர்கள் கவனிக்க!) மலையேறும் படிக்கட்டுகளும் அவர் கொடைதான்.

யாத்திரிகர்களுக்காகப் போட்ட பாலத்தில் நெல் மூட்டையும் துணிப்பொதியும் போகாமல் இருக்குமா? கும்பினியின் கோட்டைக்கும் தெற்குக்கும் இடையிலான முக்கிய வழியாக அது மாறியது. 1960களில் அதே இடத்தில் வந்த புதுப் பாலம்தான் இப்போது நாம் நெரிசலில் ஊர்ந்து கடக்கும் மறைமலை அடிகள் பாலம்.