ஒரே கடலலை, இருவேறு விடைகள்: கடவுள் நம்பிக்கை எதனால் வளர்கிறது, எதனால் தேய்கிறது?

ஒவ்வோராண்டும் டிசம்பர் 26ஆம் திகதி காலை 9.25 மணிக்கு நாடெங்கும் இரண்டு நிமிட மௌனம் அனுஷ்டிக்கப்படுகின்றது. கரையோரக் கிராமங்களில் அந்த மௌனத்துக்கு முன்னும் பின்னும் நடப்பவற்றைக் கவனித்தோர் ஒன்றை அறிவர். கற்பூரம் கொளுத்துவோருக்கும், மையவாடியில் கையேந்தித் துஆ கேட்போருக்கும், மெழுகுதிரி ஏற்றுவோருக்கும் சற்று அப்பால், எதிலும் கலந்துகொள்ளாது கடலைப் பார்த்தபடி நிற்கும் சிலரும் இருப்பர். அவர்களும் அதே அலையில் இழந்தவர்களே. ஒருவரை ஆலய வாசலுக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டு சேர்த்த கடல், அவரது அயலவரை அந்த வாசலிலிருந்து விலக்கிவிட்டது. இது எவ்வாறு நேர்ந்தது?

2004ஆம் ஆண்டின் அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி தினம். நத்தார் பண்டிகைக்கு மறுநாள். இலங்கையில் மாத்திரம் 35 ஆயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற் போயினர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் அம்பாறை மாவட்டக் கரையோரமே மிகப் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. கோயிலையும் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் விகாரையையும் கடல் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. எனவே கடவுளை மனிதர் ஏன் நம்புகின்றனர், ஏன் நம்பாது விடுகின்றனர் என்ற பழைய வினாவை ஆராய இதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பொதுவாக இவ்வினாவுக்கு இரு தரப்பாரும் தத்தமக்கு வசதியான விடையையே வைத்திருக்கின்றனர். உலகின் ஒழுங்கைக் கண்டு சிந்திப்பவன் நம்புவான் என்பார் ஆத்திகர். விஞ்ஞானம் கற்றுச் சிந்திப்பவன் நம்பான் என்பார் நாத்திகர். இருவரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். மனிதன் ஆதாரங்களை நிறுத்துப் பார்த்தே முடிவுக்கு வருகின்றான் என்பதே அது. ஆனால் உண்மை நிலை அவ்வாறு இல்லை. கெலப் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் பல நாடுகளில் நடத்திய ஆய்வில், அன்றாட வாழ்வில் சமயம் முக்கியமானது எனக் கூறியோர் இலங்கையில் 99 சதவீதத்தினர். எஸ்தோனியாவில் 16 சதவீதத்தினர். நாமெல்லாம் மெய்யியல் விசாரணை செய்து 99 சதவீதத்தை எட்டினோம் என்று எவரும் வாதிடப் போவதில்லை. எஸ்தோனியரும் நூல்களைப் புரட்டி 16 சதவீதத்துக்கு இறங்கியவர்களல்லர்.

இதனை ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் கூர்ந்து நோக்கியிருந்தார். பக்தாதின் நிஸாமிய்யா கல்விக்கூடத்தில் பேராசிரியராயிருந்து, 1095ஆம் ஆண்டில் அப்பதவியைத் துறந்து வெளியேறிய இமாம் கஸ்ஸாலி அவர்களே அவர். தமது வாழ்வையும் ஐயங்களையும் பற்றி எழுதிய ‘அல்முன்கித்’ நூலில், கிறிஸ்தவரின் பிள்ளைகள் கிறிஸ்தவராகவும், யூதரின் பிள்ளைகள் யூதராகவும், முஸ்லிம்களின் பிள்ளைகள் முஸ்லிம்களாகவும் வளர்வதைக் கண்டமையே தம்மைச் சிந்திக்கத் தூண்டிற்று என்கிறார். புலன்களையும் அறிவையுமே ஐயுற்று ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தவித்ததையும், அத்தவிப்பு எந்தத் தருக்கத்தினாலும் தீராமல், இறைவன் தம் நெஞ்சில் இட்ட ஒளியினாலேயே தீர்ந்ததையும் மறைக்காமல் எழுதியுள்ளார். தருக்கத்தில் தமக்கு நிகரற்றிருந்த ஒருவரின் வாக்குமூலம் என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

சைவ மரபில் திருநாவுக்கரசரின் வரலாறும் இவ்வாறானதே. பெரியபுராணம் கூறும் வரலாற்றின்படி, மருணீக்கியார் சமண நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்ற பெயரில் அச்சமயத்தின் தலைவரானார். அவரைத் திருவதிகைக்குத் திரும்ப அழைத்து வந்தது எதிர்வாதமன்று. தாங்கொணாச் சூலை நோயும், காத்திருந்த தமக்கை திலகவதியாருமே. துன்பமும் உறவும் சேர்ந்து செய்ததை வாதம் செய்யவில்லை.

அப்படியாயின், துன்பமே நம்பிக்கையை வளர்க்கிறது எனலாமா? பிப்பா நொரிஸ், ரொனால்ட் இங்கிள்ஹார்ட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஏறக்குறைய இதனையே வாதிட்டனர். பசி, நோய், போர், வேலையின்மை ஆகியன குறித்த அச்சம் குறைந்த சமூகங்களில் சமயப் பற்றும் தலைமுறைக்குத் தலைமுறை குறைகிறது என்பது அவர்களின் முடிபு. வளைகுடாவின் செல்வந்த நாடுகள் இதற்கு விலக்காக நிற்கின்றன. எஸ்தோனியா போன்ற நாடுகளில் சோவியத் ஆட்சி சமயத்தை ஒடுக்கிய வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எனினும் அக்கருத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது.

இதற்கு மிகத் தெளிவான சான்று நியூஸிலாந்திலிருந்து கிடைத்தது. 2011 பெப்ரவரி 22ஆம் திகதி கிறைஸ்ட்சேர்ச் நகரை உலுக்கிய பூமியதிர்ச்சியில் 185 பேர் உயிரிழந்தனர். அனர்த்தம் நிகழ்ந்த பின்னர் மக்களிடம் சென்று கேட்பது எளிது. ஆனால் அதற்கு முன்னர் அவர்கள் என்ன எண்ணியிருந்தனர் என்பதை அறிய வழியிராது. அந்நாட்டிலோ, மக்களின் மனப்பாங்குகளை ஆண்டுதோறும் பதிவுசெய்யும் நீண்டகால ஆய்வொன்று 2009ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது. எனவே அதே மனிதர்கள் 2009இலும் 2011இலும் அளித்த விடைகளை அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது. நாட்டின் ஏனைய பகுதிகளில் சமயப் பற்று குறைந்து சென்ற வேளையில், பூமியதிர்ச்சியால் பாதிக்கப்பட்டோரிடையே அது 3.4 சதவீதத்தால் அதிகரித்திருந்தது. ஆனால் அவ்வாறு புதிதாகச் சமயத்தை நாடியோரின் நலம் அதனால் மேம்பட்டதற்குச் சான்று காணப்படவில்லை. மறுபுறம், பாதிக்கப்பட்டோரில் இருந்த நம்பிக்கையையும் இழந்தவர்கள் தமது உடல்நலம் தளர்ந்ததாகக் கூறினர். வீடு இடிந்த வேளையில் உள்ளேயிருந்த தூணும் சரிந்தவர்கள் அவர்கள். கடலைப் பார்த்தபடி தனித்து நிற்போரைப் பற்றி ஊரார் பேசும்போது இதனை மறந்துவிடுகின்றனர்; அவர்களை ஆணவக்காரர் என்கின்றனர்.

போருக்கும் இதே விளைவு உண்டு என்பதை 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று. சியராலியோன், உகண்டா, தஜிகிஸ்தான் ஆகிய நாடுகளில் போரின் பாதிப்பை அதிகம் அனுபவித்தோர், போர் ஓய்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் சமயக் குழுக்களிலும் வழிபாட்டிலும் அதிகமாகப் பங்குகொண்டனர்.

அனர்த்தம் ஏன் மனிதனை இறைவன்பால் திருப்புகிறது என்பதற்கு மனம் இயங்கும் முறையில் ஒரு விளக்கம் கூறப்படுகிறது. இருளில் சருகு அசைந்தால் காற்றென்று எண்ணாது யாரோ வருகின்றார் என்றெண்ணும் இயல்பு எமக்கு உண்டு. தவறாயினும் உயிரைக் காக்கும் தவறு அது. அதனால் பெரும் நிகழ்வொன்றைக் கண்டதும் ‘எப்படி நடந்தது?’ என்பதற்கு முன்னர் ‘யார் செய்தது?’ என்ற வினாவே எழுகின்றது. களுத்துறைக் கரையிலிருந்து அலை பின்வாங்கியதைக் காட்டும் செய்மதிப் படத்தில் இறைவனின் திருநாமம் தெரிவதாக 2005இல் பேசப்பட்டது. சுற்றியிருந்த யாவும் அழிந்த பின்னரும் நிலைத்து நின்ற புத்தர் சிலைகளையும், இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணப் பள்ளிவாசல்களையும் அந்தந்தச் சமயத்தார் அற்புதமென்றனர். உறுதியான கொங்கிறீற் தூண்களுக்கிடையே நீர் புகுந்து வெளியேற இடமிருந்தமையே காரணம் என்றனர் பொறியியலாளர். தூண் கெட்டியாய் இருந்தது என்ற விளக்கம், அதைக் கட்டியவரின் பக்தியைக் குறைத்துவிடாது என்பது எமது அபிப்பிராயம்.

எனினும் பெரும்பாலானோரைத் தாங்கியது இத்தகைய அடையாளங்களன்று, சடங்குகளே. மரணம் ஒரு வீட்டினுள் நுழைந்தவுடன் இனி என்ன செய்வது என்ற திகைப்பு ஏற்படுகின்றது. அந்தத் திகைப்பின்போது, இன்று இதைச் செய், எட்டாம் நாள் இதைச் செய், முப்பத்தோராம் நாள் இதைச் செய், நாற்பதாம் நாள் இதைச் செய் என்று கூற ஒரு மரபு இருப்பது பேருதவி. உடலே கிடைக்காதோருக்கும் மரபு ஒரு வழி வைத்திருந்தது. இந்துக்கள் தர்ப்பையால் உருவம் செய்து கிரியை நடத்துவர். இந்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், மறைவான ஜனாஸாத் தொழுகைக்கு இடமுண்டு. அதே சடங்கைப் போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பலர் இன்றுவரை செய்ய மறுக்கின்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது. கடல் கொண்டு சென்றவரைச் சடங்கு செய்து அனுப்பிவைத்த ஊரிலேயே, மனிதர் கொண்டு சென்றவருக்குச் சடங்கு செய்வது அவரின் மரணத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும் என அஞ்சும் தாயும் வாழ்கின்றார். அவருக்கு நேர்த்திக்கடன் உண்டு, அந்தியேட்டி இல்லை.

இனி, நம்பிக்கையை இழந்தோரின் பக்கம் வருவோம். 1755 நவம்பர் முதலாம் திகதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று காலை, தேவாலயங்கள் நிறைந்திருந்த வேளையில் போர்த்துக்கலின் லிஸ்பன் நகரைப் பூமியதிர்ச்சி தாக்கியது. தொடர்ந்து கடல் பொங்கியது; தீயும் பரவியது. ‘யாவும் நன்மைக்கே’ என்ற அக்கால மெய்யியலை எதிர்த்து வோல்ட்டயர் கவிதை எழுதினார்; 1759இல் ‘கன்டீட்’ நாவலையும் வெளியிட்டார். அவர் கடவுளை மறுத்தவரல்லர். இறந்த குழந்தைகளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்று வாழ்ந்திருப்போர் கூறுவதையே அவர் மறுத்தார். மலக்ரீடா என்ற இயேசு சபைத் துறவியோ, நகரின் பாவங்களே காரணமென்று துண்டுப்பிரசுரம் வெளியிட்டார். 1756இல் வோல்ட்டயருக்குக் கடிதம் எழுதிய ரூசோ, வேறொரு கோணத்தைக் காட்டினார். ஆறு ஏழு மாடி வீடுகளை ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையா என்பதே அவரது வினா.

இந்த மூன்று குரல்களும் 2005இல் எமது கரைகளிலும் கேட்டன. மலக்ரீடாவின் குரலுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. எல்லாச் சமயத்தவரிடையேயும், பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று போதித்தோர் இருந்தனர். கைக்குழந்தையை அலையில் நழுவவிட்ட தாயிடம் இதைச் சொல்பவர், அக்குழந்தை செய்த பாவம் யாதென்று கூறவேண்டிய கடமையை ஏற்பதில்லை. முன்வினை என்றோ சோதனை என்றோ சொல்லி நகர்வர். ‘களாகத்ர்’ என்பதும் ‘ஊழ்’ என்பதும், துன்பமுற்றவர் தாமே தமக்குக் கூறிக்கொள்ளும்போது ஆறுதலாகின்றன. அவற்றையே பிறர் வந்து கூறும்போது தீர்ப்பாகின்றன. நம்பிக்கையை விட்டு விலகியவர்களில் ஒரு பகுதியினர் கடவுளிடமிருந்து விலகியவர்களல்லர், இத்தீர்ப்பிலிருந்து விலகியவர்களே என நாம் கருதுகின்றோம். ரூசோவின் வினாவை இங்கு எழுப்பியோர் குறைவு. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்ததற்கும் கிழக்குக் கரையை அலை எட்டியதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் இருந்தன. அந்த நேரத்தில் கரையோர மக்களை எச்சரிக்க எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005இலேயே இயற்றப்பட்டது.

நம்பிக்கை தேய்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இதில் கடலுக்குத் தொடர்பில்லை. பிள்ளைகள் பெரியோரின் சொல்லை நம்புவதில்லை, அச்சொல்லுக்காகப் பெரியோர் கொடுக்கும் விலையையே நம்புகின்றனர் என்று மானிடவியலாளர் ஜோசப் ஹென்றிக் 2009இல் விளக்கினார். நோன்பு நோற்கும் தந்தையையும், தன் பங்கு உணவைப் பசித்தவருக்குக் கொடுக்கும் தாயையும் கண்டு வளரும் பிள்ளைக்குப் போதனை தேவைப்படுவதில்லை. போதனையை மாத்திரம் கேட்டு வளரும் பிள்ளை, சண்டையேதுமின்றி ஒருநாள் விலகிப் போகின்றது. கடற்கோளுக்குப் பின்வந்த முதல் நாட்களில் பள்ளிவாசல்களும் கோயில்களும் விகாரைகளும் சாதி, சமயம் பாராது மக்களுக்கு இடமளித்தன. சில மாதங்களிலேயே நிவாரணப் பங்கீட்டில் இனக் கணக்கும் ஊர்க் கணக்கும் பார்க்கப்பட்டன. அன்றைய சிறுவர்கள் இரண்டையும் கண்டனர். இன்று அவர்கள் முப்பது வயதை அண்மித்த அல்லது கடந்த பெற்றோர்.

பகுத்தறிவுவாதி ஆபிரகாம் கோவூரை இங்கு நினைவுகூராதிருக்க முடியாது. கேரளத்தில் மார்த்தோமா திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மகனாக 1898இல் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்தவர் அவர். சோதனைக்கு உட்பட்டு அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபா தருவதாக 1963இல் சவால் விடுத்தார். 1978இல் அவர் மறையும்வரை எவரும் அத்தொகையை வெல்லவில்லை. அதனால் ஆலயங்களில் கூட்டம் குறையவுமில்லை. மந்திரவாதிகளின் பிழைப்பில் மண் விழுந்திருக்கலாம். மகளின் காய்ச்சலுக்கு நேர்த்தி வைத்த தாய்க்கு அச்சவால் விடுக்கப்படவேயில்லை.

எமது நாட்டில் நம்பாதோர் எத்தனை பேர் என்பதைக் கணிக்க வழியில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் தவிர்ந்த ஏனையோர் சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. பிறப்பு, திருமணம், மரணம் ஆகிய மூன்றும் சமயத்தின் கையிலுள்ள சமூகத்தில், நம்பிக்கை போன பின்னரும் பெயர் பதிவேட்டிலிருந்து போவதில்லை. அத்தகையவர் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போய்க்கொண்டுதான் இருப்பார். மகளின் கலியாணம் நடக்க வேண்டுமல்லவா? டிசம்பர் 26ஆம் திகதி ஒன்றிலேயே, அந்த இரண்டு நிமிடங்களில், அவர் கூட்டத்திலிருந்து பத்தடி தள்ளி நிற்கின்றார்.