பெயிண்ட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?

2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. கழுவி, பெயிண்ட் அடித்தால், உள்ளே துரு அரித்தாலும் அந்தக் கார்களும் புதுசு போல மின்னும். சென்னையில் பழைய கார் வாங்கும், திருத்தணி பக்கத்துக் கே.ஜி.கண்டிகைக்காரர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எலும்புக்கூடு. கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, தரைத்தகடு, ஷாக் அப்சார்பரைத் தாங்கும் இடம் ஆகியவற்றில் துரு உள்ளிருந்தே அரிக்கும். தண்ணீர் வடியும் துளைகளைச் சேறு அடைத்துவிட்டால் போதும். குடும்பத்தோடு திருத்தணி மலைப்பாதையில் ஏறி இறங்கும்போது அந்தத் தாங்கு பகுதி விட்டுப்போனால் சக்கரம் சாய்ந்துவிடும். பட்டி போட்டு மூடிய ஓட்டை எந்தப் பாரத்தையும் தாங்காது. அரித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்வதுதான் ரிப்பேர்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் மெக்கானிக்கை வைத்து வண்டியைத் தூக்கிப் பாருங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். கார்பெட்டைத் தூக்குங்கள், ஸ்டெப்னி குழியைப் பாருங்கள், சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துச் சேற்றுக்கறை தேடுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கலாம். பழைய வண்டியின் அடியில் மட்டும் புதுக் கறுப்புக் கோட்டிங் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஆய்வுக்குக் காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆகிவிட்டது என்பது துரு இல்லை என்பதற்கு உத்தரவாதமல்ல. ஆந்திரப் பதிவு வண்டியென்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்றும் வேண்டும்.

துருவுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்பார் என்றும் நம்பியிருக்க முடியாது. அமெரிக்காவில் சேஸிஸ் துருப்பிடித்த பிக்கப் வண்டிகளுக்காக டொயோட்டா 2016இல் பெரும் சமரசத்துக்கு இறங்கி வந்தது. ஆனால் இந்தியாவில், குறையுள்ள வண்டிகளைத் தயாரிப்பாளர் கட்டாயமாகத் திரும்பப் பெற வேண்டும் என்று அரசு சொல்லும் விதி, தயாரித்து 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான்.

2023 ஏப்ரல் முதல் பழைய கார் டீலருக்குப் பதிவு அதிகாரியின் அங்கீகாரச் சான்று தேவை. அதைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கவில்லை, அடிபடவில்லை என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டீலர் மறைத்து விற்றிருந்தால் 1915 எண்ணில் புகார் சொல்லலாம். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. தனி ஆளிடம் வாங்கினால் இந்த வழி பெரும்பாலும் கிடைக்காது. மோசடி என்று சிவில் நீதிமன்றத்துக்கோ போலீசுக்கோதான் போக வேண்டும். அங்கேயும் கையில் எழுத்து இல்லாமல் வழக்கு நிற்பது கஷ்டம்.