நாவல் எழுதப் போன வக்கீல்

1996-ம் ஆண்டு. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலம். ரெயில்வே தொழிலாளி ஒருவர் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே சிக்கி நசுங்கி இறந்து போனார். அவர் குடும்பத்துக்காக கோர்ட்டில் வாதாட எழுந்தவர் ஜான் கிரிஷாம். அப்போது அவர் வக்கீல் தொழிலை விட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நாவல் எழுதியே கோடீசுவரர் ஆகிவிட்டவர்.

தொழிலை விடும் முன்பு ஏற்றுக்கொண்ட வழக்கு அது. வேறு வக்கீலிடம் கட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

ஷண்டிங் யார்டில் வேலை பார்த்தவர்களுக்கு, பெட்டிகளுக்கு நடுவே நிற்பது என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஒரு நொடி பிசகினால் போதும். அமெரிக்காவில் ரெயில்வே தொழிலாளி வேலையில் செத்தால் நஷ்டஈடு தானாக வந்துவிடாது. 1908-ம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். (நம் நாட்டில் 1923-ல் வந்த நஷ்டஈட்டுச் சட்டம் அப்படிக் கேட்கவில்லை.) எனவே அந்தக் குடும்பத்துக்கு எல்லாமே வக்கீலின் வாய்தான்.

ஜூரிகள் 6 லட்சத்து 83 ஆயிரத்து 500 டாலர் கொடுக்கச் சொன்னார்கள். கிரிஷாமின் வக்கீல் வாழ்க்கையில் அதுவே மிகப் பெரிய தீர்ப்பு.

கோர்ட்டில் பிறந்த கதை

1955-ல் பிறந்தவர். அப்பா பருத்தி விவசாயி, கட்டிட வேலையும் பார்த்தார். மகன் 1981-ல் சட்டம் படித்து முடித்து, சிறிய ஊரில் போர்டு மாட்டினார். ஒரு நாள் கோர்ட்டில், பலாத்காரத்துக்கு ஆளான 12 வயதுச் சிறுமி சாட்சி சொல்வதைக் கேட்டார். இவளுடைய அப்பா துப்பாக்கி எடுத்திருந்தால்? அந்தக் கேள்வியை வைத்து, விடியற்காலை 5 மணிக்கு எழுந்து, மூன்று வருடம் எழுதினார்.

பதிப்பகங்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. 1988-ல் ஒரு சின்னப் பதிப்பகம் 5 ஆயிரம் பிரதி போட்டது. அதில் ஆயிரத்தை அவரே வாங்கி, காரில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக விற்றார்! அந்த 'எ டைம் டு கில்' அப்போது பெரிதாக ஓடவில்லை. 1991-ல் வந்த 'தி ஃபர்ம்' ஓடியது. அதன் சினிமா உரிமைக்கு மட்டும் 6 லட்சம் டாலர் கிடைத்தது. மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் பழைய புத்தகம் புரட்டுகிறவர்களுக்கு இந்த இரண்டும் பழக்கமானவைதான்.

பத்திரிகை ஆசை

பணம் வந்ததும், நொடித்துக் கிடந்த 'ஆக்ஸ்போர்டு அமெரிக்கன்' என்ற இலக்கியப் பத்திரிகைக்குக் கைகொடுத்து, அதன் பதிப்பாளர் ஆனார். 2000-ம் ஆண்டில் 'எ பெயிண்டட் ஹவுஸ்' நாவலை அதில் தொடர்கதையாக வெளியிட்டார். பருத்திக் காட்டுச் சிறுவனின் கதை, வக்கீலே கிடையாது. என் கணக்கில் அவர் எழுதியதில் மனசுக்கு நெருக்கமானது இதுதான். தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு, அந்த முறையும் புதிது அல்ல.

ஆனால் பத்திரிகை லாபம் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் கிரிஷாம் விலகிக்கொண்டார். பத்திரிகை பக்கத்து மாநிலமான அர்க்கன்சாவுக்குக் குடிபெயர்ந்து பிழைத்துக்கொண்டது.