பழைய படமும் புதுப்பித்த படமும் ஒரே திரையில்



ஓர் ஆலயத்தின் வரலாற்றைத் தொகுக்க முற்படும்போது, பத்திரங்களுக்கும் கணக்கேடுகளுக்கும் அடுத்தபடியாக நமக்குக் கைகொடுப்பவை அன்பர்களின் இல்லங்களில் இருக்கும் பழைய நிழற்படங்களே. நம் நாட்டு வெப்பமும் ஈரக்காற்றும் அவற்றுக்குப் பகை. படத்தாளின் மேற்பூச்சைப் பூஞ்சணம் அரிக்கிறது. பூசையறையில் மாட்டியவற்றில் கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். 1960, 70களில் எடுத்த வண்ணப் படங்கள் பலவற்றில் நீலச்சாயம் முந்தி மங்கிவிடுவதால் படம் முழுதும் செம்மை ஏறிக் காணப்படும்.

இத்தகைய படங்களைக் கணினியில் புதுப்பிப்பது இன்று எளிதாகிவிட்டது. எளிதானதே ஒரு சங்கடமும் ஆயிற்று. கிழிந்த இடத்தையும் மங்கிய முகத்தையும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் நொடியில் நிரப்பித் தருகின்றன. ஆனால் அவை நிரப்புவது ஊகத்தால். நெற்றியிலுள்ள திருநீற்றுக் கீற்றைக் கீறல் என்றும், பாட்டியின் மூக்குத்தியைத் தூசு என்றும் கொண்டு அழித்துவிட இடமுண்டு. மங்கலான முகத்துக்குப் பதில் தெளிவான வேறொரு முகத்தையே வரைந்துவிடவும் கூடும்.

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தை எண்ணிப் பாருங்கள். 1827இல் தொடங்கப்பெற்ற அவ்வாலயத்தில் 1903இல் எழுந்த இராஜகோபுரம் மூன்று நிலைகளே கொண்டது. இன்றுள்ளதைவிட ஒடுங்கியது, சுதைச் சிற்பங்களும் குறைவு. இன்றைய கோபுரம் 1925இல் வந்தது. பழைய கோபுரத்தின் சிதைந்த படம் ஒன்றை மென்பொருளிடம் அப்படியே ஒப்படைத்தால், இன்றைய கோபுரத்தைப் போல அதிலும் சிற்பங்களை நெருக்கி நிரப்பித் தந்துவிடலாம். பார்க்க அழகாக இருக்கும், வரலாறு பொய்யாகிவிடும்.

வண்ணம் ஏற்றும்போதும் இதே கவனம் தேவை. பழைய கண்ணாடித் தகடுகளில் பல, சிவப்பு ஒளியை உணராதவை. ஆகவே குங்குமப் பொட்டும் செந்நிறப் பட்டும் அவற்றில் கருமையாக விழுந்திருக்கும். நீல வானம் வெளுத்திருக்கும். நாம் விரும்பும் நிறம் அங்கிருந்ததாகச் சொல்ல அப்படத்தில் சான்று கிடையாது. கறுப்பு வெள்ளையாகவே விடுவது நன்று என்பது என் கருத்து.

எனவேதான் புதுப்பித்த படத்தைத் தனியே வைக்காமல் மூலப்படத்தோடு சேர்த்துக் காட்டும் முறை விரும்பத்தக்கது. இதன் அமைப்பு நம் சந்நிதித் திரையைப் போன்றதுதான். இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் பழைய படம், வலப்பக்கம் புதிய படம். பார்ப்பவர் விரலால் கோட்டை நகர்த்த, மேலுள்ள படம் அந்த அளவுக்கு மட்டுமே தெரிய, எஞ்சிய இடத்தில் அடியிலுள்ளது வெளிப்படும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக நைட் ஆய்வகம் உருவாக்கிய ஜக்ஸ்டபோஸ் என்னும் கருவி இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கிறது. கணினி பயிலும் நம் பிள்ளைகள் அதைக் கொண்டு சிறு நேரத்தில் செய்துவிடுவார்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இது. படத்தை ஸ்கேனரில் 600 புள்ளி அடர்த்தியில் எடுத்து, டிஃப் வடிவில் சேமிக்க வேண்டும். கடவுச்சீட்டு அளவுப் படமாயின் 1200. ஜேபெக் வடிவம் திருத்திச் சேமிக்குந்தோறும் நுணுக்கத்தை இழக்கும். கோணலை நேராக்குவதும் ஓரம் வெட்டுவதும் முதலிலேயே முடிந்துவிட வேண்டும். அதன் பிறகே நகலெடுத்து நகலில் மட்டும் திருத்தம். இந்த வரிசை மாறி, திருத்திய பின் ஓரத்தை வெட்டினால் இரு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. கோட்டை நகர்த்தும்போது கோபுரம் ஒடிந்தாற்போல் தெரியும். உயரமான கோபுரத்துக்குக் கோடு மேலும் கீழுமாக நகர்வது நல்லது. திருப்பணிக் குழுவினர் வரிசையாக நிற்கும் படத்துக்கு இடம் வலமாக நகர்ந்தால் ஒவ்வொரு முகமாகக் கோடு கடந்து செல்லும்.

வியாபார விளம்பரங்களில் 'முன்' படத்தை வேண்டுமென்றே இருட்டாக்கி வைப்பதுண்டு. அறப்பணியில் அது வேண்டாம். ஸ்கேனர் தந்ததை அப்படியே வைப்போம். படத்தின் கீழே எந்தப் பகுதி திருத்தப்பட்டது, எந்தப் பகுதி ஊகத்தால் நிரப்பப்பட்டது என்று இரண்டு வரி எழுதிவிடலாம்.

அச்சிட்ட மலரில் கோட்டை நகர்த்த இயலாது. இரு படங்களையும் ஒரே அளவில் அடுத்தடுத்துப் போடுவதே வழி.

வெளியிடுமுன் ஆலயத்து முதியவர்களிடம் தொடுதிரையைக் கொடுத்துவிடுங்கள். அவர்களே கோட்டை நகர்த்திப் பார்க்கட்டும். "அது கீறல் இல்லையப்பா, அவர் போட்டிருந்த துண்டின் கரை" என்று சொல்ல வல்லவர்கள் அவர்களே. முகம் மாறியிருந்தால் வாரிசுகள் முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார்கள்.

படம் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்க வேண்டாம். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யலாம். பசை ஆல்பங்களில் உள்ளவற்றையும் பக்கத்தோடு கொண்டு வாருங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை, இடமிருந்து வலமாக, தனித்தாளில் எழுதி இணைத்துத் தாருங்கள். படத்தின் பின்புறத்தில் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல்.