பாப்பாவா, மாம்மாவா?

சின்னக் கண்ணாடி ஒன்றை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு 'பாப்பா' என்று சொல்லிப் பாருங்கள். ஆவி படியாது. மேலண்ணத்தின் பின்பகுதி எழும்பி, மூக்குக்குப் போகும் வழியை அடைத்துவிடுகிறது. 'மாமா' என்றால் அந்தக் கதவு திறந்துகொள்ளும். மெல்லினத்துக்கு இடம் மூக்கு என்று நன்னூல் அன்றே சொன்னதுதான்.

அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள் பிளவைத் தைத்து மூடிவிடுவார்கள். அப்படியும் சில பிள்ளைகளுக்கு அண்ணம் தொண்டையின் பின்சுவரை எட்டாமல் காற்று மூக்கில் கசியும், 'பாப்பா' 'மாம்மா'வாகிவிடும். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. மூக்கு வழியே மெல்லிய கேமராவை விட்டு, பிள்ளையைப் பேசச் சொல்லி, இடைவெளியைப் பார்க்கிறார்கள். அதற்கேற்ப அண்ணத் தசைகளை மாற்றித் தைத்து நீளமாக்குவார்கள். அல்லது தொண்டையின் பின்சுவரிலிருந்து சதையை எடுத்துப் பாலம் போடுவார்கள். பழகிப்போன தப்பு உச்சரிப்பைக் கத்தி மாற்றாது, அதற்குப் பேச்சுப் பயிற்சிதான்.

பிளவே தெரியாத குழந்தை மூக்கால் பேசினால் உள்நாக்கைப் பாருங்கள். நுனி இரண்டாகப் பிரிந்திருந்தால், அண்ணத்தின் தோலுக்கடியில் பிளவு ஒளிந்திருக்கலாம். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையை ஆபரேஷன் செய்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், முதலில் இந்த உள்நாக்கை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்; அதை எடுத்தால் கசிவு கூடிவிடலாம்.