முகம் வார்த்த கைகள்

படமாளிகையிலே குரங்கு முகங்கொண்ட உருவமொன்று குதிரையேறி வந்து மனிதர்போற் பேசக் கண்டால் சிறுவர் அஞ்சுவர், பெரியோர் நகைப்பர். அம்முகத்தை ஆக்கிய கைகள் முன்னர் எங்கே தொழில் பழகின என்று வினவுவோர் மிகச் சிலரே. அவை மருத்துவமனையிலே பழகிய கைகள் என்றறிந்தபோது நாம் பெரிதும் வியப்புற்றோம்.

1968 ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிளானெற் ஒவ் த ஏப்ஸ்' என்னும் அமெரிக்கப் படத்துக்குக் குரங்கு முகங்களை அமைத்தவர் ஜோன் சேம்பர்ஸ். சிக்காகோ நகரில் 1922 இல் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரின்போது படையிலே மருத்துவத் தொழில்நுட்ப உதவியாளராகப் பணியாற்றினார். போர் முடிந்தபின், காயமுற்று மீண்ட வீரர்களுக்கான மருத்துவமனையொன்றிலே செயற்கை மூக்கும் காதும் செய்து கொடுத்தார்.

எண்ணிப் பாருங்கள். காலிழந்தவன் கோலூன்றி ஊருக்குள் வருவான். ஊரார் அவனை வீரனென்பர். மூக்கிழந்தவனோ தன் வீட்டு வாயிலிலேயே தயங்கி நிற்பான். பெற்ற பிள்ளை தன்னைக் கண்டு அலறுமோ என்பதே அவன் அச்சம். அவனுக்குச் செய்து கொடுக்கும் மூக்கு, திரையிலே கணப்பொழுது தோன்றி மறைவதன்று. பட்டப்பகலிலே, கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து சோறு பரிமாறும் மனைவியின் பார்வையைத் தாங்கவேண்டும். இத்தேர்விலே தேறியவரே 1953 இல் தொலைக்காட்சி ஒப்பனைக்கும், பின்னர் திரைப்படத்துக்கும் சென்றார்.

தொழில்முறையைச் சிறிது விரித்துரைப்போம். முதலில் நடிகரின் முகத்தைப் பதிவெடுக்கவேண்டும். பல் வைத்தியர் பல்லின் பதிவை எடுக்கக் கையாளும், கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அல்ஜினேற்றுக் குழம்பை முகமெங்கும் பூசுவர். நாசித் துளைகள் மட்டும் திறந்திருக்கும். குழம்பு இறுகியதும் அதன்மேற் பாரிஸ் சாந்து தோய்த்த துணியை ஒட்டி, உறுதியானபின் கழற்றுவர். அதனுள்ளே சாந்தை வார்த்தால் நடிகரின் முகம் அப்படியே கிடைக்கும். அம்முகத்தின்மேற் களிமண்ணை அப்பிக் குரங்கின் நெற்றியையும் வாய்ப்புறத்தையும் சிற்பி வனைவார். வனைந்ததற்கு மீண்டும் ஓர் அச்செடுத்துக் களிமண்ணை அகற்றிவிட்டு, அச்சையும் முகத்தையும் பொருத்தினால், களிமண் இருந்த இடம் வெற்றிடமாய் நிற்கும். அவ்வெற்றிடமே இனித் தோலாகப் போவது. மெழுகு உருகி ஐம்பொன்னுக்கு வழிவிடும் விக்கிரக வார்ப்பை அறிந்தவர்க்கு இதன் சூக்குமம் எளிதில் விளங்கும்.

தோலுக்குரிய பொருளோ, களுத்துறை, கேகாலைத் தோட்டங்களிலே மரத்தைக் கீறி எடுக்கும் அதே இறப்பர்ப் பால்! அதனுடன் சில மருந்துகளைச் சேர்த்து, முட்டை வெண்கருவை அடிப்பதுபோல நுரைவர அடித்து, அச்சினுள் ஊற்றிச் சூட்டடுப்பில் இளஞ்சூட்டிலே பதப்படுத்துவர். பஞ்சு போன்ற தோல் வெளிவரும். அதன் விளிம்பு வெங்காயத் தோலினும் மெல்லியதாய் இருத்தல் வேண்டும். தடித்தால் ஒட்டு வெளிப்பட்டுவிடும். மெல்லியதாகையால் மாலையிற் கழற்றும்போது கிழிந்துபோகும். மறுநாட் காலையில் புதியதொன்று வேண்டும்.

குரங்கு முகத்தில் இன்னுமொரு சங்கடம் உண்டு. செயற்கை மூக்கு அசையவேண்டியதில்லை. இம்முகமோ பேசவேண்டும், சினக்கவேண்டும். கல்லூரி நாடகமொன்றிலே, காகிதக் கூழ் முகமூடி அணிந்த இராவணன் உதடசையாமலே வீரவசனம் பேசியதை நாம் கண்டு, சிரிப்பை அடக்கமாட்டாது தவித்ததுண்டு. சேம்பர்ஸ் தம் இறப்பர்த் தோலைத் துண்டு துண்டாக வார்த்து நடிகரின் சருமத்தோடு ஒட்டினார். உள்ளே தசை அசைய, வெளியே குரங்கின் முகமும் அசைந்தது. ஒட்டி முடிக்கப் பல மணி நேரம் சென்றது. கொர்னீலியஸ் என்னும் சிம்பன்சியாக நடித்த றொடி மக்டவல், மூக்கையும் கன்னத்தையும் ஓயாது அசைத்துக்கொண்டிருக்குமாறு சக நடிகர்க்குச் சொல்லிக்கொடுத்தார். அசைவு நின்றால் முகம் மீண்டும் முகமூடியாகிவிடுமல்லவா?

1981 ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே ஒப்பனைக்கென ஆண்டுதோறும் ஒஸ்கார் விருது வழங்கப்படலாயிற்று. அதற்கு முன்னரே, 1969 இல், சேம்பர்ஸுக்குச் சிறப்பு விருதொன்று அளிக்கப்பட்டது. மேடைக்கு விருதுச் சிலையைக் கொண்டுவந்தது மெய்யான சிம்பன்சியொன்று. அதற்கு மட்டும் அவர் முகம் செய்யவேண்டியிருக்கவில்லை.