நீலப் பூ வேண்டுமா? தண்ணீரைக் குறையுங்கள்!

ஊட்டி மலர்க் காட்சியில் சால்வியா பூக்கள் பாத்தி பாத்தியாகப் பூத்து நிற்கும். பார்த்தவர்களுக்கு ஆசை வரும். நீல சால்வியா நாற்று வாங்கி வந்து வீட்டில் நடுவார்கள். காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரு மாதத்தில் செடி வாடிவிடும். "நம் கைக்கு ராசி இல்லை" என்று வருந்துவார்கள்.

குற்றம் ராசியில் இல்லை. செடியைக் கொன்றது தண்ணீர்!

துளசிக்கு உறவு

நீல சால்வியாவின் தாயகம் மெக்சிகோவும் அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியும் ஆகும். வெயிலையும் வறட்சியையும் தாங்கி வளரும் செடி இது. துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டைத் தொட்டால் சதுரமாக இருக்கும். பூங்காம்பில் வெள்ளையாக மாவு பூசியது போலத் தெரியும். அது நோய் அல்ல. செடியின் இயல்பே அதுதான்.

எப்போது விதைப்பது?

சமவெளியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விதைக்கலாம். விதை மிகச் சிறியது. ஆழமாகப் புதைக்கக் கூடாது. மேலே மெல்லிய மண் தூவினால் போதும். மழை அடிக்காத இடத்தில் நாற்று வளர வேண்டும். நான்கைந்து இலை விட்டதும் ஓர் அடி இடைவெளியில் நடலாம்.

நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். செம்மண், மணல், மட்கிய தொழு உரம் மூன்றும் கலந்த மண் நல்லது. தொட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும்.

விரலே அளவுகோல்

தண்ணீர் ஊற்றுமுன் மண்ணில் விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் காலையில் வேரடியில் ஊற்றுங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகும்.

வெட்டினால் பூக்கும்

பூங்கதிர் வாடியதும் அதை வெட்ட வேண்டும். பலருக்கு மனம் வராது. ஆனால் சால்வியாவில் இலைகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கும். ஓர் இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டினால், இரண்டு பக்கமும் தளிர் கிளம்பும். ஒரு கதிர் போன இடத்தில் இரண்டு கதிர் வரும்!

இளந்தளிரில் அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும். கடும் மருந்து வேண்டாம். தேனீக்கள் தேடி வரும் செடி இது.

ஊற்றும் கையை அடக்குங்கள். வெட்டும் கைக்குத் தயக்கம் வேண்டாம். வாசலில் நீலம் பூக்கும்!